பொங்காலைப் போலீஸ்

"ஏல, என்னை எந்திரின்னு சொல்லதுக்கு நீ யாருல?"

சாலை பஜாரில், எங்கள் கயிற்றுக்கடைச் சந்தின் நட்டநடுவில், செங்கல்லை அடுக்கி அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு இசக்கி அக்கா கேட்டாள். மாசி மாதத்து மத்தியான வெயில். தார் ரோடு காலில் ஒட்டியது. என் சட்டையின் இடது கையில் சிவப்புத் துணிப்பட்டை. அதைக் குத்தியிருந்த ஊக்கு திறந்துகொண்டு தோலைச் சீண்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றின் முனையில் இருந்த விசில் என் வாயில் இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"நான் போலீஸ் அக்கா."

பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது.

"கேட்டீளா கதைய? நேத்து வரைக்கும் எங்கிட்ட, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துக்கான்னு நின்னவன், இன்னைக்குப் போலீசாம்! தொப்பி எங்கல? லத்தி எங்க?"

தொப்பியும் இல்லை, லத்தியும் இல்லை. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. சட்டப்படி அன்று நான் போலீஸ்தான்.

மறுநாள் ஆற்றுகால் பொங்காலை. திருவனந்தபுரத்தின் தெருக்களில் எல்லாம் பெண்கள் அம்மனுக்கு அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் நாள். அதற்குள் அந்தச் சந்து காலியாக வேண்டும். ஆகாவிட்டால் என் கைப்பட்டை போய்விடும். ஆனாலோ, என் சோறு போய்விடும். அந்தச் சிக்கலில் நான் எப்படி வந்து மாட்டினேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூட்டையைத் தொடாதே

கொல்லத்து முந்திரி ஆலையில் கையெல்லாம் புண்ணாகிப் பாசஞ்சர் ரயில் ஏறியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த ரயில் என்னை இறக்கிவிட்ட ஊர் திருவனந்தபுரம். ஸ்டேஷனிலிருந்து தமிழ்ச் சத்தம் எந்தப் பக்கம் அதிகமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் நடந்தேன். சாலை பஜார் வந்தது.

அரிசி லாரி ஒன்று நின்றிருந்தது. எனக்குத் தெரிந்த வேலை அதுதான். யாரையும் கேட்காமல் போய் ஒரு மூட்டையை முதுகில் வாங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் நீலச்சட்டை போட்ட சிலர் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"வெக்கடா தாழே."

கீழே வை என்கிறார்கள் என்று புரிந்தது. வைத்தேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர்களில் மூத்தவர் என்னைச் சாயாக்கடைக்குக் கூட்டிப் போய், ஒரு சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் சுமக்கிற ஆள் உண்டு, சங்கம் உண்டு, அட்டை உண்டு. அட்டை இல்லாதவன் மூட்டையைத் தொடக்கூடாது. முதலாளியே ஆனாலும் தொடக்கூடாது.

நான் பல ஊர் பார்த்தவன். பம்பாயில் மூட்டையைத் தொடாவிட்டால்தான் அடிப்பார்கள். இது புது மாதிரி. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. பழம்பொரியும் நன்றாக இருந்தது.

பிறகு நாசரேத்துக்காரர் ஒருவரின் கயிற்றுக்கடையில் வேலை கிடைத்தது. அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கயிற்றை அளந்து வெட்டுவது, சுருள் போடுவது, தார்ப்பாய் மடிப்பது. படுக்கையும் கடையிலேயே. தென்னங்கயிற்றுச் சுருளின்மேல் படுத்தால் காலையில் முதுகில் பிரிபிரியாகத் தடம் விழுந்திருக்கும். குளிக்கும்போது தண்ணீர் அந்தத் தடத்தின் வழியாக இறங்கும். அது ஒரு சுகம்.

சாப்பாடு இசக்கி அக்காவின் சோற்றுக்கடையில். சந்துக்குள் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. அக்காவுக்குப் பணகுடிப் பக்கம் ஊர். கடையில் அவள் குரல் மட்டும்தான் கேட்கும். அவள் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து காய் நறுக்குவார். கத்திச் சத்தத்தை வைத்துத்தான் அவர் இருக்கிறார் என்று தெரியும். ஊரில் அவர் தொழில் நொடித்தபோது, கேரளாவில் போய்ச் சோற்றுக்கடை போடுவோம் என்று முதலில் கிளம்பியவள் அக்காதான். "எம் மகனக் கூட்டிக்கிட்டு ரோட்டுல சோறு விக்கப் போறியா?" என்று கேட்ட மாமியார், அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை. இந்தக் கதை சந்தில் எல்லோருக்கும் தெரியும். சாம்பாரில் உப்பு கூடினால், "மாமியா நெனப்பு வந்துட்டு போல" என்பார்கள்.

எந்த ஆளும்

எனக்குக் காக்கி மேல் ஒரு ஆசை உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த ஆசை ஆகாது என்று தெரிந்தும் உண்டு.

நாகர்கோவிலில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுத்தார்கள். தேர், திருவிழா என்றால் போலீசுக்குத் துணையாக நிற்கிற படை. சம்பளம் என்று பெரிதாக இல்லை, தொண்டு மாதிரிதான். வரிசையில் போய் நின்றேன். உயரம் அளந்தார்கள், சரி. மார்பு அளந்தார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டதால் சரி. பிறகு மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிரந்தர முகவரி கேட்டார். நான் அப்போது பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, தலையைச் சொறிந்துவிட்டு, "தம்பி, ஊர்க்காவல்னா ஒரு ஊரு வேணும்லா?" என்றார். தொண்டு செய்யவும் ஒரு வீடு வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கேரளாவிலும் இதற்கு ஒரு சட்டம் இருந்ததாம். ஆனால் சட்டம் மட்டும்தான் இருந்தது. அந்த நாட்களில் ரோட்டில் ஆளைக் காணோம். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பகுதி ஸ்டேஷனின் ஏட்டு. பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே தட்டில் பரிமாறின மாதிரி வரும். பொங்காலைக்குத் தடுப்புக் கட்டக் கயிறு வாங்க எங்கள் கடைக்கு வந்திருந்தார். அப்போது ஒரு கைவண்டி சந்தில் சிக்கிக்கொண்டு, பின்னால் எல்லாம் நின்றுவிட்டது. நான் வாசலில் இறங்கி, கைவண்டிக்காரனைத் தமிழிலும், ஆட்டோக்காரனை மலையாளத்திலும், நடுவில் நின்ற மாட்டைப் பொதுவாகவும் திட்டி வழி பண்ணிவிட்டேன்.

ஏட்டு கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடோ, நாகர்கோவில் பஸ்ஸில வர்ற அம்மாமாரோட சண்டை பிடிக்க எனக்குத் தொண்டை போறாது. உனக்கு நல்ல தொண்டை உண்டு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா. ஸ்பெஷல் போலீஸ் ஆக்கித் தரேன்."

"எனக்கு முகவரி இல்லையே சார்?"

"அதினெந்தா? தான் ஒரு ஆளல்லே?" நீ ஒரு ஆள் இல்லையா என்று.

ஸ்டேஷனில் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வாசித்தார். திருவிழா, கூட்டம், கலவரம் போன்ற சமயங்களில், தகுதி உண்டு என்று தோன்றும் எந்த ஆளையும் சிறப்புப் போலீசாக நியமிக்கலாம். அவனுக்குப் போலீசுக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. கடமையும் உண்டு. அவர் வாசித்ததை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் ஒத்துப் பார்த்ததில்லை; காதில் விழுந்ததைச் சொல்கிறேன். என் காதில் விழுந்தது 'எந்த ஆளையும்' என்பதுதான். எந்த ஆளும் என்றால் நானும்தானே. ஒரு சர்க்கார் புத்தகத்தில் எனக்கு இடம் இருந்தது அதுவே முதல் தடவை.

கையெழுத்துப் போடும்போது ஏட்டு இன்னொரு வரியையும் வாசித்தார். நியமித்த பிறகு, தக்க காரணம் இல்லாமல் வரமாட்டேன் என்பதும், சொன்னதைச் செய்யமாட்டேன் என்பதும் குற்றம்.

"சார், இது தொண்டுதானே?"

"தொண்டு தன்னே. பக்ஷே வேண்டாம்னு சொன்னா குற்றம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

செங்கல்

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. எங்கள் சந்து பெரிய தெருவையும் பின்பக்கத்து ரோட்டையும் இணைப்பது. அதன் வழியாகத்தான் ஆம்புலன்ஸ் வந்துபோக வேண்டும். முந்தைய வருஷம் புகையில் மயங்கிய ஒரு அம்மாவைத் தூக்கிப் போக வழியில்லாமல், எரிகிற அடுப்புகளுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் ஏட்டு சிரிக்கவில்லை.

"ஒரு செங்கல் கிடந்தாலும் பட்டையக் கழற்றி வாங்கிடுவேன். கேட்டோ?"

பொங்காலைக்கு முந்தின நாளே பெண்கள் வந்து செங்கல் வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். மும்மூன்று கல்லாக, சுண்ணக்கட்டியால் பேர் எழுதி, ரோட்டின் இரண்டு ஓரமும் நிரம்பிவிடும். இரண்டு ஓரம் நிரம்பியதும் நடுவில் வைப்பார்கள். எங்கள் சந்தில் இசக்கி அக்கா தன் கடைக்கு முன்னால் நடுவிலேயே வைத்திருந்தாள். தனக்கு ஒன்று, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வரிசையாகச் சில. அதைப் பார்த்து இன்னும் பல பேரும் வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் அக்கா பானை வாங்கப் போயிருந்தாள். கையில் பட்டை இருந்தது, கழுத்தில் விசில் இருந்தது, மூளை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அவளுடைய செங்கற்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு போய், அடுத்த தெருவில் நல்ல நிழலாகப் பார்த்து, அதே வரிசையில் அடுக்கி வைத்தேன். நன்றாகவே அடுக்கினேன். செங்கல்தானே என்று நினைத்தேன்.

சாலை பஜாரில் மூட்டையைத் தொடக்கூடாது என்று பழம்பொரி தின்று கற்றுக்கொண்டவன் செய்கிற காரியமா அது? பெருக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அம்மனை நினைத்து ஒருத்தி கல் வைத்துவிட்டால் அது அடுப்பு. தீ மூட்டவில்லை என்றாலும் அடுப்பு. அதை வேறொருத்தி தொடமாட்டாள். ஆண்பிள்ளை தொடுகிற பேச்சே இல்லை.

அக்கா திரும்பி வந்தாள். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அடுத்த தெருவுக்குப் போய்க் கல்லை எல்லாம் தானே சுமந்து கொண்டுவந்து, பழைய இடத்தில் அடுக்கி, நடுவில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வி அப்போது கேட்டதுதான்.

"நிழலாத்தானே வச்சேன் அக்கா. அங்கன போய்ப் பொங்கினா என்ன?"

"எனக்கென்னல, நான் எங்கயும் பொங்குவேன். வாரவளுக என்ன செய்வாளுக? அவளுகளுக்கு இந்த ஊரு போர்டு வாசிக்கத் தெரியுமா? கடைக்கு முன்னால நடுரோட்டுல இருப்பேன், வந்து இறங்கின ஒடனே தெரியும்னு சொல்லி விட்டிருக்கேன்." குரல் இறங்கியது. "எங்க மாமியா வாரா."

எலுமிச்சம்பழக்காரரின் சிரிப்பு நின்றது.

"அவளாவே வாரேன்னு சொல்லி விட்டிருக்கா. இத்தன வருசத்துக்கு அப்புறம். வந்து என்னக் காணலன்னா, 'என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம ஒளிஞ்சிக்கிட்டா'ன்னு திரும்பிப் போயிருவா. அவளப் பத்தி எனக்குத் தெரியும். பொறவு இந்தச் சென்மத்துல வரமாட்டா. இப்ப சொல்லு போலீஸ்காரரே, எந்திரிக்கவா?"

உள்ளே கத்திச் சத்தமும் நின்றிருந்தது.

"போ. ராத்திரி சோத்துக்கும் வராத."

அக்காவின் நியமனம்

ஸ்டேஷன்வரை நடக்கும்போது இரண்டு பக்கமும் யோசித்தேன். அக்கா சொல்வதும் நியாயம். அடுப்புக்கு மேலே கைமாறிப் போன அந்த அம்மாவும் நியாயம். பெண் போலீசைக் கூப்பிட்டால் அக்காவைத் தூக்கிவிடலாம். பிறகு நான் எந்த முகத்தோடு அந்தச் சந்தில் நடப்பது? வேண்டாம் என்று பட்டையைக் கழற்றிக் கொடுக்கவும் வழியில்லை, குற்றம்.

அந்தக் 'குற்றம்' என்கிற சொல்லில்தான் எனக்கு யோசனை வந்தது.

ஸ்டேஷனில் பந்தோபஸ்து பார்க்க வந்த பெரிய ஆபீசர் ஒருவர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஏட்டுவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சார், அந்தப் புத்தகத்துல எந்த ஆளும்னுதானே இருந்துச்சு? பொம்பளையும் ஆளுதானே?"

"ஆளு தன்னே. எந்தா?"

"ஒரு ஆள் இருக்கு. என்னைவிடத் தொண்டை பெரிசு."

கதை முழுவதும் சொன்னேன். ஏட்டு தலையில் கைவைத்தார். ஆபீசர் சாயாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆ ஸ்திரீயை விளிச்சோண்டு வா" என்றார். அந்த அம்மாளைக் கூட்டி வா என்று.

அக்கா தன்னைக் கைது செய்யப்போகிறார்கள் என்றே நினைத்தாள். அதற்காகச் சேலை மாற்றி, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் சந்தே வந்தது. காய் நறுக்குகிறவரும் கத்தியை வைத்துவிட்டு வந்திருந்தார். நிமிர்ந்து நின்ற அவரை அன்றுதான் பார்த்தேன், நல்ல உயரம்.

ஆபீசர் அவளை உட்காரச் சொன்னார். தமிழ் சுமாராக வந்தது அவருக்கு. "அம்மா, ஆம்புலன்ஸ் போக வழி வேணும். அதை நீங்க பாத்துக்கணும். நீங்கதான் நாளைக்குப் போலீஸ்."

ஏட்டு புத்தகத்தை வாசித்தார். அதிகாரம், பாதுகாப்பு, கடமை எல்லாம் வந்தது. அக்கா கவனமாகக் கேட்டாள்.

"வேண்டாம்னு சொன்னா?"

"குற்றம்."

"அப்ப இந்தப் பய என் செங்கல்லத் தொட்டது?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். "அதும் குற்றம் தன்னே."

அக்காவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஸ்டேஷனில் பட்டை இருந்தது, விசில் தீர்ந்துபோயிருந்தது. என் கழுத்தைப் பார்த்தாள்.

"அதக் குடு. ஊதினா எங்க மாமியாளுக்குக் கேக்கும்லா. சோப்புப் போட்டுக் கழுவிக் குடு."

சந்துக்குத் திரும்பியதும் முதலில் தன் கற்களை எடுத்து, சந்து முனையில், கடைச் சுவரை ஒட்டி ஒதுக்கமாக வைத்தாள். ஊர்க்காரர்களுடையதையும் அதற்குப் பின்னால் சுவரோரமாக நெருக்கி வைத்தாள். பிறகு விசிலை ஊதினாள். நான் ஒரு நாள் முழுக்க ஊதியதைவிட அது பெரிய சத்தம். நடுவில் வைத்திருந்த மற்ற எவர் கல்லையும் அவள் தொடவில்லை. பேரை வாசித்து, வைத்தவளைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஒங் கையாலயே எடுத்து அங்கன வையி. என் கல்லையே நான் எடுத்துட்டேன் பாத்தியா?" என்றாள். பொழுது சாய்வதற்குள் சந்து காலி.

எந்தப் பக்கம்?

விடிந்தும் விடியாமலும் பஸ்கள் வர ஆரம்பித்தன. பெரிய தெரு முழுக்கப் பெண்கள், பானைகள், தென்னம்பாளை, ஓலைக்கட்டு. இந்தக் கூட்டத்தில் தனக்குத் தெரிந்தவர் ஒருவரைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். கடையில் இருந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். சிவப்புப் பட்டை, மஞ்சள் சேலை. விசில். பிறகு குரல். "அந்தப் பக்கமாப் போங்கம்மா! வழிய விடுங்க!"

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பணகுடிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் ஒல்லியாக, பாம்படம் ஆட, ஒரு அம்மா. பெட்டியின் அடியில் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க ஏறி நின்னு என்னத்தப் பண்ணுத?"

"வாங்கத்த." அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "போலீஸ் வேல."

"சோத்துக்கடைன்னுல்லா சொன்னாவ?"

"அதுவும்தான்."

மாமியார் பட்டையைப் பார்த்தாள், ஒதுங்கிப் போகிற கூட்டத்தைப் பார்த்தாள். குனிந்து அக்காவின் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பாளையை ஒடிக்க ஆரம்பித்தாள்.

கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெருவுக்கு வந்தது. சற்று நேரத்தில் ஊரே புகை. வெல்ல வாசனை, கண்ணில் எரிச்சல், எங்கேயோ குலவை. அக்கா இறங்கிப் போய்த் தன் அடுப்பை மூட்டி அரிசியைக் களைந்து போட்டுவிட்டு மறுபடியும் பெட்டியில் ஏறினாள். பானையில் ஒரு கண், சந்தில் ஒரு கண்.

அப்போதுதான் பின்பக்கத்து ரோட்டில் சைரன் கேட்டது. அடுத்த தெருவில் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். அக்கா பெட்டியிலிருந்து குதித்தாள். ஆம்புலன்சுக்கு முன்னால் விசிலை ஊதிக்கொண்டே ஓடினாள், பின்னால் நான். சந்தில் ஒரு கல்கூட இல்லை. வண்டி எங்கேயும் நிற்காமல் போய், ஏற்றிக்கொண்டு, அதே வழியில் திரும்பியது. அந்தப் பெண் நல்லபடியாகக் கண் திறந்தாள். வண்டிக்குள் படுத்தபடி, "எண்டெ கலம் திளைச்சோ?" என்று தன் பானையைப் பற்றித்தான் கேட்டாள். பொங்கியதா என்று.

அது காதில் விழுந்ததும் அக்கா திரும்பி ஓடினாள். பானை பொங்கி முடிந்து, நுரை காய்ந்து, வெளிப்புறம் முழுக்கக் கறையாக இருந்தது. பொங்குகிற அந்தக் கணத்தைப் பார்க்கத்தான் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். எந்தப் பக்கம் வழிகிறது என்பதில் அந்த வருஷமே இருக்கிறது என்பார்கள்.

"எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்னைக் கேட்டாள்.

நான் பார்க்கவில்லை. அவளோடுதான் ஓடினேன்.

அகப்பையைப் பிடித்திருந்த மாமியார் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "கெழக்க. நான் பாத்தேம்லா."

"நெசமாவா அத்த?"

"ஊருக்கே வழி பண்ணுதவ பானை வேற எங்கிட்டுப் பொங்கும்? போ, அங்க எவளோ நடுவுல வந்து நிக்கா பாரு. ஊது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதினாள். நடுவில் யாரும் இல்லை.

சாயந்திரம் பட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கொடுத்த நிமிஷத்தோடு அதிகாரமும் முடிந்தது என்றார் ஏட்டு. வருஷங்கள் கழித்துக் கேரளாவிலும் ஹோம் கார்டுக்கு ஆள் எடுத்தார்கள். பட்டாளத்திலும் போலீசிலும் இருந்தவர்களுக்குத்தான் இடம் என்றார்கள். எனக்கு வருத்தம் இல்லை. அதற்குள் நான் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தேன். ஆனால் நான் சாலை பஜாரில் இருந்தவரை, மாசி பிறந்தால் ஏட்டு எங்கள் சந்துக்கு வருவார். அக்காவைத்தான் தேடுவார்.

அன்று ஸ்டேஷனிலிருந்து வந்ததும் நான் கடைக்குள் போகாமல் வெளியே நின்றேன். சோற்றுக்கு வராதே என்று சொன்னவள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே பெஞ்சில் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, மகன் காய் நறுக்குகிற அழகைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா இலையோடு வெளியே வந்தாள். இலையில் பொங்கல், புகை வாசனையோடு, வெல்லம் கசிந்து.

"வேண்டாம் அக்கா, பரவாயில்ல" என்றேன், மரியாதைக்கு.

"தின்னுல. வேண்டாம்னு சொன்னா குத்தம்."